சந்தேஷ் பெட்டிகளில் கட்டிய ஏழு படி

கார்த்திக்,

நீ கேட்ட படம் என்னிடம்தான் இருக்கிறது. தொலையவில்லை. ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், பெட்டியை முழங்காலால் அழுத்தி ஜிப்பை இழுத்துக்கொண்டே கேட்டாய். "அம்மா, அந்த ஏழு படிப் படம் உன் பழைய போன்லதானே இருக்கு? ஒரிஜினலை அனுப்பிடு. இந்த நவராத்திரிக்கு அதையே முன்னாடி போட்டுடலாம்." பெங்களூர் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று முறை நினைவூட்டிவிட்டாய். மூன்றாவது செய்தியில் சொற்களே இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும். அந்தக் கேள்விக்குறிக்குத்தான் இந்தக் கடிதம். நீ அங்கிருந்தே கடையின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது, நான் இங்கே கல்கத்தாவில் சால்ட் லேக் வீட்டில் பொம்மைகளைப் பொதிந்து அனுப்புவது என்று பேசி முடித்துவிட்டோம். ஆகவே எந்தப் படம் போடுவது என்பது இனி உன் முடிவு. ஆனால் அந்தப் படத்தைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் படத்தை மட்டும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலம் என்றால் லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் படித்துவிடுவாய். வங்காளம் அதைவிட வேகம். தமிழை மட்டும்தான் இன்னும் எழுத்துக் கூட்டி, சில இடங்களில் உதட்டை அசைத்துப் படிக்கிறாய். இந்த விஷயத்தை நீ அந்த வேகத்தில் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடை தொடங்கிய கதை உனக்குத் தெரிந்ததுதான். கல்லூரிகள் மூடிக்கிடந்த மாதங்களில் நீ ஹாலில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்கு வருஷாவருஷம் வரும் கிருஷ்ணாநகர் பொம்மைக்காரர் நிமாய்தா, அந்த வருஷம் கண்காட்சி இல்லாததால் பொம்மைகளைப் பெட்டி பெட்டியாக வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார். நான் அனுதாபமாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். நீதான், "அம்மா, தமிழ்நாட்டுல வீட்டுக்கு வீடு கொலு வெப்பாங்களே, அங்க வித்தா என்ன?" என்றாய். நல்ல யோசனை. இன்றும் அதற்கான பெருமை உனக்குத்தான். நிமாய்தாவிடம் தமிழ்க் கல்யாணம் என்றால் என்ன என்று வங்காளத்தில் விளக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அப்படியும் முதல் தொகுப்பில் மாப்பிள்ளைக்குத் தலையில் கூம்புத் தொப்பி வைத்து, நாதஸ்வரத்தை மூக்கில் ஊதுவதுபோல் செய்து அனுப்பினார். இரண்டாம் தொகுப்பு சரியாக வந்தது. மூன்று அங்குல உயரத்தில் பெண், மாப்பிள்ளை, சாஸ்திரிகள், நாதஸ்வரம், தவில், இலைபோட்டுச் சாப்பிடும் நாலு பேர். சாப்பிடுபவர்களில் ஒருவர் மட்டும் பரிமாறுபவரை முறைத்துக்கொண்டிருப்பார். அந்த முகத்துக்காகவே வாங்கலாம்.

ஆனால் யாரும் வாங்கவில்லை. வெள்ளைக் காகிதத்தின் மேல் பொம்மைகளை வரிசையாக நிறுத்தி நீ எடுத்த படங்கள் தெளிவாக இருந்தன. தெளிவாக மட்டும் இருந்தன. அந்தப் பொம்மைகளுக்கு வீடு இல்லை. பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போது உனக்கு வந்ததுதான் படி யோசனை. கொலுவில் வைக்கும் பொம்மையைக் கொலுவிலேயே காட்டலாம் என்றாய். நம் ஹாலில் ஏழு படி எங்கே வைப்பது? சோபாவை வெளியே தள்ளினாலும் மூன்றுதான் வரும். எதிர்வீட்டு சர்மிளா பௌதியின் மகளுக்குக் கல்யாணம் முடிந்து வாரம்கூட ஆகவில்லை, அவர்கள் வீட்டு வாசலில் காலி சந்தேஷ் இனிப்புப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. நீ போய் அள்ளிக்கொண்டு வந்தாய். பௌதி உன் பின்னாலேயே வந்து, "காலிப் பெட்டியைக் கட்டிக்கிட்டு எங்கே போறே? ஸ்வீட் வேணும்னா கேளேன்" என்று சிரித்தாள். சாப்பாட்டு மேசையில் அந்தப் பெட்டிகளை அடுக்கி ஏழு படி கட்டினோம். ஒவ்வொரு படியும் இரண்டு விரல் உயரம்.

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வதை நீ பார்த்துமிருப்பாய், ஆனால் கவனித்திருக்க மாட்டாய். படிகளின் மேல் முதலில் போர்த்தியது அப்பாவின் வேட்டி. நீ என் போன் காமிராவை மேசை விளிம்புக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, "கரை ரொம்பப் பட்டையா இருக்கும்மா, ஏதோ ரோடு போட்ட மாதிரி" என்றாய். உனக்கு அது அழகாக இல்லை, அவ்வளவுதான். எனக்கு ஏன் என்று தெரிந்தது. வேட்டிக் கரை எவ்வளவு அகலம் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கரை அங்கே இருக்கும்வரை, படிகள் இரண்டு விரல் உயரம்தான் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். நான் உள்ளே போய் வேட்டியை வைத்துவிட்டு, மெல்லிய சரிகைக் கரை போட்ட அங்கவஸ்திரத்தை எடுத்துவந்து போர்த்தினேன். படிகள் ஒரே நொடியில் வளர்ந்துவிட்டன. பிறகு நீ ஓரத்தில் ஓர் அகல் விளக்கு வைத்தாய். அது மணப்பெண்ணின் இடுப்பளவு இருந்தது. நீ பால்கனிக் கதவைத் திறந்து வெளிச்சம் சரிசெய்யப் போன நேரத்தில் அந்த அகலை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். திரும்பி வந்த உனக்கு அது காணாமல்போனது தெரியவே இல்லை. நாலு மணி வெயில் சாய்வாக விழுந்தது. நீ எடுத்தாய். அந்தப் படம் வந்தது.

நான் கல்லூரியில் கற்பிப்பது உளவியல் என்பதை உனக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் இந்த இடத்தில் எனக்கு நானே நினைவூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பொருளின் பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் கண் அதன் அளவை முடிவுசெய்கிறது என்று ஒவ்வொரு ஆண்டும் முதல் மாதத்தில் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அன்று மாலை நீ மடிக்கணினியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். நீ திரும்பாமலே ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்மா, ரொம்பப் பெரிசாத் தெரியுதோ?" உனக்கு வயது பத்தொன்பது. உனக்குத் தோன்றியிருந்தது. நான் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "கீழே அளவு போட்டிருக்கேடா" என்றேன். நீ தலையாட்டிவிட்டுப் படத்தை ஏற்றினாய். கார்த்திக், இந்தக் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ள வந்தது கரை மாற்றியதையும் அகலை எடுத்ததையும்கூட அல்ல. அந்தப் பதிலைத்தான்.

அதன்பிறகு நடந்தது உனக்கு நன்றாக நினைவிருக்கும். ஹால் முழுக்க அட்டைப்பெட்டி, பசைநாடா, காகிதச் சுருள். ஆர்டர் தாங்காமல் நிமாய்தா போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அப்பா வங்கியிலிருந்து வந்து செருப்பைக் கழற்ற இடம் தேடுவார். அதே பொம்மைகள், அதே விலை, அதே மூன்று அங்குலம். மாறியது படம் ஒன்றுதான். அது என்ன செய்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். வெள்ளைக் காகிதத்தில் நின்ற பொம்மை 'நான் ஒரு பொம்மை' என்றது. படியில் நின்ற பொம்மையோ பார்க்கிறவளிடம் அவள் வீட்டைப் பற்றிப் பேசியது. உன் வீட்டு நாலாம் படி இந்த வருஷம் காலியாக இருக்கிறது என்றது. அதைப் பார்க்கும்வரை அவளுக்கு அப்படியொரு காலியிடம் இருப்பதே தெரியாது. பார்த்த பிறகு அந்த இடம் உறுத்தும். ஆசை என்பது பெரும்பாலும் இந்த உறுத்தல்தான். கண் முடிவெடுத்துவிடுகிறது. கீழே இருக்கும் எழுத்தை அதற்கப்புறம் படிக்கிறோம், அதுவும் முடிவுக்குச் சாதகமானதை மட்டும்.

நான் இதற்கு விதிவிலக்கு என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அறையில் தொங்கும் அந்த நீலத் திரைச்சீலையை நான்தான் வாங்கினேன். எதையும் மூன்று முறை விசாரித்து வாங்குகிறவள், அதை ஒரே பார்வையில் வாங்கினேன். படத்தில் அந்தத் திரை பாதி விலகியிருந்தது. பின்னால் பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஈரமான தோட்டம், ஒரு மேசையில் பாதி படித்த புத்தகம். வந்து மாட்டிய பிறகு விலக்கிப் பார்த்தால், எப்போதும்போல் சர்மிளா பௌதி வீட்டு ஏசி இயந்திரமும் அதன் மேல் காயும் துடைப்பமும். திரையில் ஒரு குறையும் இல்லை. துணி நல்ல துணிதான். நான் வாங்க நினைத்தது ஜன்னலை. வந்தது திரை. அப்பா பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கற?" என்றார். திரையை மறுபடி இழுத்து மூடினேன். என்னிடம் யாரும் பொய் சொல்லவில்லையே.

இப்போது உனக்குத் தெரியாத பாதி. அந்த முதல் நவராத்திரியின் இரண்டாம் நாள். நீ ஏதோ ஆன்லைன் தேர்வில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தாய். கடையின் போன் என்னிடம் இருந்தது.

"கல்கத்தா பொம்மைக் கடையா?"

"ஆமாம், சொல்லுங்க."

"கும்பகோணத்துலேர்ந்து விஜயலட்சுமி பேசறேன். கல்யாண செட்டு வாங்கியிருந்தேன். எம் பொண்ணுக்குக் கல்யாணமாகி இது முதல் கொலு. அவ மாமியார் வீட்டு அட்ரசுக்கே நேரா அனுப்பச் சொல்லியிருந்தேன்."

"வந்து சேந்துடுச்சாம்மா?"

"வந்துச்சு. டப்பா பெரிசா இருக்கவும் சம்பந்தியம்மா ரெண்டு படியைக் காலி பண்ணி வெச்சுட்டாங்களாம். எல்லாரையும் உக்கார வெச்சுத்தான் பிரிச்சிருக்காங்க. பிரிக்கப் பிரிக்க வெறும் பேப்பராவே வருதாம். கடைசியில மாப்பிள்ளை பொம்மையை எடுத்து அவ நாத்தனார் உள்ளங்கையில நிக்க வெச்சு எல்லாருக்கும் காட்டினாளாம். 'அண்ணி, உங்க வீட்ல மாப்பிள்ளைன்னா இவ்வளவுதானா?'ன்னு. வீடே சிரிச்சிருக்கு. எம் பொண்ணும் சேந்து சிரிச்சுட்டு, அப்புறம் பாத்ரூம்ல போய் எனக்குப் போன் பண்றா."

நான் அப்போது என்ன சொன்னேன் தெரியுமா? "கீழே அளவு போட்டிருக்கோமேம்மா. மூணு அங்குலம்னு."

அவர் குரலை உயர்த்தவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "போட்டிருந்தீங்க," என்றார். "அப்புறமா பாத்தேன். ஏம்மா, படியில பொம்மை நிக்கறதைப் பாத்ததுக்கப்புறம் யாராவது ஸ்கேலைத் தேடுவாங்களா? நீங்களும் தமிழ்க்காரங்கதான், பேச்சுலயே தெரியுது. கொலுப் படி எவ்வளவு உசரம் இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நாங்க திருப்பி எடுத்துக்கறோம். பணத்தை உடனே போட்டுடறோம்."

"எடுத்துக்கிட்டு? எல்லாரும் பாத்தாச்சும்மா. வெக்கறேன்."

அம்மா வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போகும் பொம்மை என்றால் என்ன என்று உனக்கு நான் சொன்னதில்லை. இங்கே துர்கா பூஜைக்குப் புதுத் துணி எடுத்துக்கொடுப்பதுபோல என்று நீ நினைத்திருக்கலாம். அதைவிடக் கொஞ்சம் அதிகம். புது வீட்டில், இன்னும் யாரையும் சரியாகத் தெரியாத பெண்ணின் பக்கம் அம்மா வந்து நிற்பது அது. விஜயலட்சுமியால் நேரில் வந்து நிற்க முடியவில்லை. நம் படத்தை நம்பி, தனக்குப் பதிலாக நிற்கும் வேலையை நமக்குக் கொடுத்தார். நாம் என்ன செய்தோம் என்று அந்த நாத்தனார் உள்ளங்கையில் தூக்கிக் காட்டிவிட்டாள்.

நீ அறையிலிருந்து வந்து, "யாரும்மா போன்ல?" என்றாய். "பார்சல் வந்துடுச்சுன்னு சொல்லக் கூப்பிட்டாங்க" என்றேன். அந்த வாரமே படத்தை எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாய். "பாத்துப் பாத்துப் பழசாயிடுச்சுடா, மத்தவங்களும் இதே மாதிரி போட ஆரம்பிச்சுட்டாங்க" என்றேன். உண்மையைச் சொன்னால் அங்கவஸ்திரத்தையும் அகலையும் சொல்ல வேண்டும். அன்று நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முன்னால் நிதானமானவளாக இருந்து பழகிவிட்டவளுக்கு அது சுலபமில்லை. அதனால்தான் இன்று நீ ஒரு தவறும் இல்லாமல், வெள்ளை மனதோடு அதே படத்தைக் கேட்கிறாய். குற்றம் உன் கேள்வியில் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்த திருத்தமும் ஒரு கூத்து. பொம்மையின் அளவு தெரிய வேண்டும் என்று கீழ்ப்படியில் நம் தெருமுனைக் கடை மண்குவளை ஒன்றை வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். டீ குடித்துவிட்டுத் தூக்கிப் போடும் அந்தச் சின்ன மண்குவளையின் அளவு கல்கத்தாவில் எல்லாருடைய விரலுக்கும் தெரியும். எனக்கு ரொம்பத் திருப்தி. இரண்டே நாளில் ஒருவர் கேட்டார், "அந்தத் தண்ணீர்ப் பானையும் செட்டோடு வருமா?" இன்னொருவர் பானை தனியாகக் கிடைக்குமா, கலசம் வைக்க வேண்டும் என்றார். பொம்மைகள் முன்னைவிடவும் பெரிதாகிவிட்டன. நீ சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாய். "விடும்மா, பொம்மையை நிறுத்திட்டுப் பானை விக்கலாம்." எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அளவுக்கு நான் வைக்கும் பொருள் என் கைக்குத் தெரிந்ததாக இருந்தால் போதாது, வாங்குகிறவள் கைக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். எங்கும் எல்லாரிடமும் இருப்பது எது என்று தேடி, கடைசியில் என் கையையே நீட்டினேன்.

உனக்குத் தெரியும், நான் படத்தில் நிற்பவள் இல்லை. நம் வீட்டு ஆல்பங்களில் நான் இருக்கும் படங்களை ஒரு கவரில் போட்டுவிடலாம். சாக்பீஸில் வறண்டு, குக்கர் ஆவி பட்ட தழும்போடு இருக்கும் கை இது. நீ அதைக் காமிராவில் பார்த்துவிட்டுத் தயங்கினாய்.

"கோவிச்சுக்காதேம்மா. கை கொஞ்சம்... நிறைய வேலை பாத்த கை மாதிரி இருக்கு."

"பாத்த கைதானே."

"ஜனங்க பொம்மையைப் பாக்கமாட்டாங்க, உன் நகத்தைப் பாப்பாங்க."

"பாக்கட்டும். அப்படியே பொம்மை எவ்வளவு சின்னதுன்னும் பாப்பாங்க."

உள்ளங்கையில் மணப்பெண்ணை நிறுத்தி நீ எடுத்த படம்தான் இன்றுவரை நம் கடையின் முகப்பு. விற்பனை குறைந்தது. நான் மறுக்கவில்லை. ஏழு படிப் படம் கொண்டுவந்த கூட்டம் திரும்ப வரவே இல்லை. வந்தவர்கள் வேறு மாதிரியானவர்கள். வாடகை வீட்டில் அலமாரியின் ஒரு தட்டில் கொலு வைப்பவர்கள், மேசை மேல் வைத்து அந்த முறைக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டிருக்க நினைப்பவர்கள். சின்னதாகத்தான் வேண்டும் என்று வந்தவர்கள். ஒரு பொம்மையும் திரும்பி வந்ததில்லை. உடைந்து வந்ததைத் தவிர.

இப்போது உன் புது வேலை. விற்கிறவர்களுக்கு எந்தப் படம் போட்டால் கை தானாக 'வாங்கு' பொத்தானுக்குப் போகும் என்று சொல்லும் வேலை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அதில் என்னவெல்லாம் செய்யலாம் என்று ஆசையோடு காட்டினாய். நம் முகப்புப் படத்தையே எடுத்து, என் கையை அழித்துவிட்டு, கணினி வரைந்த வேறொரு கையை வைத்தாய். மருதாணி, மெல்லிய வளையல், மாசு மருவற்ற விரல்கள். உண்மையில் அழகாகத்தான் இருந்தது.

"எப்படிம்மா? ரெண்டு நிமிஷ வேலை."

"யாரோட கைடா இது?"

"யாரோடதும் இல்ல."

"அப்போ இது எவ்வளவு பெரிசு?"

"கை, கை சைஸ்லதான்மா இருக்கும்."

"யாரோடதும் இல்லாத கைக்கு ஏதுடா சைஸ்?"

நீ சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினாய். "அதான் கீழே அளவு போட்டிருக்கேம்மா" என்றாய்.

நான் அடுப்பைப் பார்க்கிறவள்போல் உள்ளே போய்விட்டேன். நீ கவனித்திருக்க மாட்டாய். அந்த வாக்கியத்தை நீ எங்கேயோ படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. நான் டீ குடித்துக்கொண்டே கொடுத்தது. பெற்றவர்கள் பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமோ, அது ஒன்று. பிள்ளை எடுத்துக்கொண்டு போவது இன்னொன்று.

உன் வேலை கெட்ட வேலை என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. பார்த்து ஆசைப்படுவது மனிதர்களுக்கு உள்ளதுதான். கடைத்தெருவில் துணிக்கடைக்காரர் புடவையை ஒரு வீச்சில் விரிப்பதும் அதற்குத்தான். நல்ல வெளிச்சம் போடு. அழுக்குச் சுவரை மறை. பொம்மையின் முறைக்கும் முகத்தை எவ்வளவு கிட்டப் போய் எடுக்க முடியுமோ எடு. ஆசையை உண்டாக்க உனக்குத் திறமை இருக்கிறது, அதில் எனக்குப் பெருமையும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படத்திலிருந்தும் எதை வெளியே எடுக்கிறாய் என்று பார். உள்ளே வைப்பது பெரும்பாலும் அலங்காரம். வெளியே எடுப்பதில்தான் நம் எண்ணம் இருக்கிறது. அகல் விளக்கை எடுக்கும்போது என் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாளைக்கு அலுவலகத்தில் ஒரு பொருளை நகர்த்தும்போது உன் கைக்கும் தெரியும். அந்த நேரத்தில் உனக்கு ஒரு கேள்வி தோன்றினால், தயவுசெய்து அதை யாரிடமும் பதில் வாங்கி மூடிவிடாதே. என்னிடம்கூட.

வியாழக்கிழமை, வகுப்பு முடிந்து வந்ததும், விஜயலட்சுமியின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். இத்தனை வருஷம் கழித்து எண் மாறியிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் கூப்பிட்டேன். மாறவில்லை. நான் யார் என்று சொன்னதும், "ஓ, கல்கத்தா" என்றார். அங்கவஸ்திரம், அகல், எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் பேசுகிறவள்தான், ஆனாலும் அகலை மட்டும் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

"அப்போ தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"ஆமாம்."

அவர் வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது. "நான்தான் கண்ணு தெரியாம வாங்கிட்டேன்னு இத்தனை வருஷமும் நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். "சம்பந்தியம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். என் மேலதான் தப்புன்னு."

மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "சரிம்மா, சொன்னீங்களே. வெக்கறேன்" என்றார். முதல் முறையும் இப்படித்தான் வைத்தார். ஆனால் இந்த முறை, வைப்பதற்கு முன்னால், "பொண்ணு அதை இன்னும் வெச்சிருக்கா. வருஷா வருஷம் கொலுவுல வெக்கறா. வேற வழி?" என்றார். அதில் கோபம் எவ்வளவு, வேறென்ன எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அவருடைய கண்ணின் மேலேயே அவருக்கு இருந்த சந்தேகத்தை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன். அது மட்டும் நடந்தது.

இதோ, படத்தையும் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். ஒன்றும் அழிக்கவில்லை, ஒன்றும் வெட்டவில்லை. பார். நாலு மணி வெயில் இன்னும் அப்படியே இருக்கிறது. நீ எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். முகப்பில் போடுவதா வேண்டாமா என்று நீயே முடிவுசெய். நீ போட்டாலும் நான் பொதிந்து அனுப்புவேன், முன்போலவே ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகக் காகிதம் சுற்றி. ஆனால் முடிவுசெய்வதற்கு முன், அன்று மாலை திரையைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே, நீ என்னிடம் ஒன்று கேட்டாயே, அதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆமாம்டா. ரொம்பப் பெரிசாத்தான் தெரியுது.

அம்மா